லண்டனுக்கு எத்தனை மேயர்? ஒரு பழைய குழப்பத்துக்கு எளிய விளக்கம்

2016 மே மாதம் சாதிக் கான் லண்டன் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகன் 800 ஆண்டுப் பழமையான நாற்காலியில் அமர்ந்துவிட்டார் என்று மெச்சிப் பேசியவர்கள் உண்டு. பேருந்து ஓட்டுநரின் மகன் என்பது சரி. நாற்காலியைப் பற்றிய செய்திதான் தவறு. அவர் அமர்ந்த நாற்காலிக்கு அன்று வயது 16 மட்டுமே. 800 ஆண்டுப் பழமையான நாற்காலி அதே ஊரில், அன்றைய அவருடைய அலுவலகத்திலிருந்து ஆற்றைக் கடந்து நடந்தே போகும் தொலைவில், வேறொருவர் வசம் இருந்தது.

இதே குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில், தங்கமுலாம் பூசிய குதிரை வண்டியில் சிவப்பு அங்கியும் இறகு வைத்த தொப்பியுமாக ஒருவர் ஊர்வலம் போகும் படத்தைப் பார்க்கும் நாம், சுரங்க ரயிலின் கட்டணத்தை முடிவு செய்பவர் இவர்தான் போலும் என்று எண்ணிவிடுகிறோம். அவருக்கும் சுரங்க ரயிலுக்கும் எந்த நிர்வாகத் தொடர்பும் கிடையாது. அவர் லண்டனின் லார்ட் மேயர். சாதிக் கான் லண்டனின் மேயர். இரண்டு பதவிகளும் முற்றிலும் வேறானவை. ஒன்றிலிருந்து மற்றொன்று வளரவும் இல்லை. ஒரே ஊருக்கு ஏன் இப்படி இரண்டு மேயர்கள் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் லண்டன் என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடைவீதியும் ஊரும்

ஒரு பெரிய ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் நடுவே, ஒரு காலத்தில் மதில் சூழ்ந்திருந்த பழைய கடைவீதி ஒன்று இருக்கிறது. ஊர் பிறந்ததே அங்கேதான். கடைவீதியின் வணிகர்கள் மன்னருக்குப் பணமுடை வந்த நேரங்களில் கடன் கொடுத்து, கைம்மாறாக, எங்கள் தலைவரை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிறகு மதிலுக்கு வெளியே குடியிருப்புகள் பெருகின. பக்கத்துக் கிராமங்கள் ஒட்டிக்கொண்டன. கடைவீதியின் பெயரே ஊர் முழுவதற்கும் பெயராகிவிட்டது. ஆனால் கடைவீதிக்காரர்கள் வெளியாட்களைத் தங்கள் சங்கத்தில் சேர்க்கவில்லை. சேர்த்தால் தலைவர் தேர்வும் வரவுசெலவும் கைமாறிவிடும் என்று அஞ்சினார்கள். ஆகவே கடைவீதிக்கு ஒரு தலைவர் இருந்தார். மதிலுக்கு வெளியே இலட்சக்கணக்கில் பெருகிய மக்களுக்கோ நெடுங்காலம் தலைவரே இல்லை.

லண்டனில் அந்தக் கடைவீதியின் பெயர் 'சிட்டி ஆஃப் லண்டன்'. சுருக்கமாக 'சிட்டி' என்பார்கள். ரோமானியர் கட்டிய மதிலுக்குள் அடங்கியிருந்த பழைய நகரமும் அதை ஒட்டிய சிறு பகுதிகளும்தான் அது. பரப்பு ஏறத்தாழ 2.9 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர மைலுக்குச் சற்றே கூடுதல் என்பதால் 'சதுர மைல்' என்ற செல்லப்பெயரும் உண்டு. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்போர் சுமார் 8,600 பேர். பகலில் வேலைக்கு வந்து போவோர் 6 இலட்சத்துக்கு மேல். பேங்க் ஆஃப் இங்கிலாந்தும் செயின்ட் பால் பேராலயமும் இருப்பது இங்கேதான்.

இதைச் சுற்றியுள்ள மொத்த ஊரின் பெயர் 'கிரேட்டர் லண்டன்', அதாவது பெருலண்டன். பரப்பு ஏறத்தாழ 1,572 சதுர கிலோமீட்டர். அதே 2021 கணக்கில் மக்கள்தொகை சுமார் 88 இலட்சம். சிட்டியும், அதைத் தவிர 'பரோ' எனப்படும் 32 உள்ளூராட்சி வட்டாரங்களும் சேர்ந்ததே பெருலண்டன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: லார்ட் மேயர் சதுர மைலுக்கு உரியவர். மேயர் அந்தச் சதுர மைலையும் உள்ளடக்கிய பெருலண்டன் முழுமைக்கும் உரியவர்.

மன்னர் எழுதிக்கொடுத்த சீட்டு

மேயர் என்ற சொல்லின் வேர், பெரியவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல். பிரெஞ்சு மொழி வழியாக அது இங்கிலாந்துக்கு வந்தது. நம் ஊர்ப் பேச்சில் 'ஊர்ப் பெரியவர்' என்கிறோமே, தொடக்கத்தில் ஏறக்குறைய அதே பொருள்தான்.

லண்டனின் முதல் மேயராக அறியப்படுபவர் ஹென்றி ஃபிட்ஸ்-எயில்வின். சுமார் 1189-இல் பொறுப்பேற்ற அவர் 1212-இல் இறக்கும்வரை அப்பதவியிலேயே இருந்தார். ஆண்டுக்கொரு மேயர் என்ற வழக்கம் அப்போது இல்லை. அந்த வழக்கத்தைச் சட்டமாக்கியது மன்னர் ஜான் 1215 மே 9 அன்று வழங்கிய பட்டயம். பட்டயம் என்பது மன்னர் தம் முத்திரையிட்டு உரிமை வழங்கும் எழுத்து. லண்டன் குடிகள் ஆண்டுதோறும் தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மன்னர் முன், அவர் நாட்டில் இல்லாவிட்டால் அவருடைய தலைமை நீதிபதி முன், வந்து நின்று விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஜான் ஏன் திடீரென்று இவ்வளவு தாராளமானார்? அவருக்கு எதிராகப் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். பணமும் மதிலும் உடைய லண்டன் தம் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த விலை இது. கணக்கு தப்பிவிட்டது. பட்டயம் கிடைத்த எட்டாம் நாள், மே 17 அன்று, லண்டன் கிளர்ச்சிக்காரர்களுக்கு வழிவிட்டது. அடுத்த மாதம் ஜான் மாக்னா கார்ட்டா என்ற பேருரிமைப் பட்டயத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மன்னர் வாக்கைக் காப்பாற்றுகிறாரா என்று கண்காணிக்க அமைந்த 25 பேரில் லண்டன் மேயரும் ஒருவர். உரிமையைக் கொடுத்தவரையே கண்காணிக்கும் இடத்துக்கு ஆறே வாரங்களில் அந்தப் பதவி வந்து சேர்ந்தது.

பட்டயத்திலிருந்த நிபந்தனை இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது. நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் லார்ட் மேயர் ஊர்வலத்தைப் பலர் வெறும் கொண்டாட்டம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் புதிய லார்ட் மேயர் சிட்டியிலிருந்து புறப்பட்டு வெஸ்ட்மின்ஸ்டர் பக்கமுள்ள அரச நீதிமன்றம் வரை போய், நீதிபதிகள் முன் பிரமாணம் எடுத்துத் திரும்பும் பயணம்தான் அது. பல நூற்றாண்டுகள் இந்தப் பயணம் தேம்ஸ் ஆற்றில் படகில் நடந்தது. இப்போது ஓடும் வண்டி 1757-இல் செய்தது.

'லார்ட்' என்ற அடைமொழியைப் பார்த்து இவர் ஒரு பிரபு என்று நினைப்பதும் தவறு. அது பதவியோடு வந்து பதவியோடு போகும் மரியாதைச் சொல். எந்த மன்னரும் ஒரு நல்ல நாள் பார்த்து அதைச் சூட்டவில்லை. பேச்சு வழக்கில் வந்து ஒட்டி, காலப்போக்கில் நிலைத்துவிட்டது.

விட்டிங்டனும் ஒரு பூனையும்

லார்ட் மேயர்களில் உலகறிந்த பெயர் ரிச்சர்ட் விட்டிங்டன். ஏழைச் சிறுவன் ஒருவன் தன் பூனையை விற்றுப் பெரும் பணக்காரனாகி, மூன்று முறை லண்டன் மேயரான கதை ஆங்கிலக் குழந்தைகள் கிறிஸ்துமஸ் காலத்தில் மேடையில் பார்ப்பது. வரலாற்று விட்டிங்டன் க்ளஸ்டர்ஷயரைச் சேர்ந்த நிலக்கிழார் ஒருவரின் மகன். பட்டும் உயர்ந்த துணிகளும் விற்ற வணிகர். மன்னர்களுக்குக் கடன் கொடுத்தவர். பூனைக்கு ஆதாரம் கிடையாது.

அவர் முதன்முதலில் மேயரான விதமே பதவியின் உண்மையான நிலையைக் காட்டுகிறது. 1397-இல் மேயராக இருந்த ஆடம் பேம் பதவிக்காலத்தின் நடுவே இறந்தார். மன்னர் இரண்டாம் ரிச்சர்ட், லண்டன் குடிகளைக் கேட்காமல் விட்டிங்டனை அந்த இடத்தில் உட்காரவைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் லண்டனின் உரிமைகளை மன்னர் பறித்திருந்தார். 10,000 பவுண்டு கொடுத்து அவற்றை மீட்கும் பேரத்தை விட்டிங்டன் முடித்துவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் குடிகளே அவரை முறைப்படி தேர்ந்தெடுத்தார்கள். பிறகு 1406-இலும் 1419-இலும் மீண்டும் மேயரானார். ஆக, கதை சொல்வது மூன்று முறை; எண்ணிப்பார்த்தால் நான்கு.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒருமுறை கிடைத்து நிலைத்துவிட்ட சொத்து அன்று என்பதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. 1285-இல் முதலாம் எட்வர்ட் லண்டனைத் தம் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, 1298 வரை 13 ஆண்டுகள் மேயரே இல்லாமல் தம் அதிகாரிகளைக் கொண்டு ஆண்டார். 1683-இல் இரண்டாம் சார்ல்ஸ் நீதிமன்ற வழக்கின் மூலம் சிட்டியின் பட்டயத்தையே பறிமுதல் செய்தார். அதன்பின் மேயராக யார் இருக்க வேண்டும் என்பது அரண்மனையின் விருப்பமாயிற்று. 1688 அக்டோபரில்தான் இரண்டாம் ஜேம்ஸ், தம் அரியணையே ஆட்டம் கண்டுவிட்ட நேரத்தில், அதைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் சென்னைக்காரர்கள் சற்று நிறுத்தி ஒரு தேதியைக் கவனிக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி, இங்கிலாந்தின் நகராட்சி முறையை முன்மாதிரியாக வைத்து 1687 டிசம்பரில் மதராஸ் மாநகராட்சிக்குப் பட்டயம் வழங்கியது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயராக, மாநகராட்சி தொடங்கிய நாள் 1688 செப்டம்பர் 29. லண்டனில் லார்ட் மேயரைத் தேர்ந்தெடுக்கும் மிக்கேல் சம்மனசு திருநாளும் அதுவே. ஆனால் அந்த நாளில் லண்டன் சிட்டி பட்டயத்தை இழந்து நின்றது. அது திரும்பக் கிடைக்க இன்னும் சில நாள்கள் இருந்தன. முன்மாதிரி முடக்கப்பட்டிருந்த வேளையில் நகல் நம் கடற்கரையில் தொடங்கிவைக்கப்பட்டது.

உரிமை இருந்த காலத்திலும் அதிகாரம் எந்த அளவுக்கு இருந்தது என்பது வேறு கேள்வி. 1666 செப்டம்பர் 2 அன்று லண்டனில் பெருந்தீ மூண்டபோது லார்ட் மேயர் தாமஸ் பிளட்வொர்த். தீ பரவாமலிருக்க வேண்டுமானால் அதன் பாதையிலுள்ள வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்க வேண்டும். இடித்தால் ஈடு யார் கொடுப்பது என்று அவர் தயங்கினார். கடற்படை அலுவலகத்தைச் சேர்ந்த சாமுவேல் பீப்ஸ், வீடுகளை இடிக்கச் சொல்லும் மன்னரின் கட்டளையைக் கொண்டுவந்தபோது, கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு களைத்துப்போய்த் தெருவில் நின்ற மேயர், நான் என்ன செய்வேன், என் பேச்சை யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்களே என்று புலம்பினாராம். நான்கு நாள்களில் மதிலுக்குள்ளிருந்த நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அவரைத் திட்டாத வரலாற்றாசிரியர் இல்லை. ஆனால் வீட்டு உரிமையாளர்களின் சங்கம் போன்ற ஓர் அமைப்பின் ஓராண்டுத் தலைவர், அவர்களுடைய வீடுகளையே இடிக்கத் தயங்கியதில் பெரிய வியப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

லார்ட் மேயர் இன்று எப்படித் தேர்வாகிறார்

இங்கே நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். சிட்டி 25 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வார்டும் ஓர் 'ஆல்டர்மேன்' என்ற மூத்த உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறது. இவர்களைத் தவிர, வார்டுகளிலிருந்து வரும் 100 உறுப்பினர்கள் 'காமன் கவுன்சில்' எனப்படும் பொதுமன்றத்தில் இருக்கிறார்கள். அன்றாட நிர்வாக முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. 'ஷெரிஃப்' என்பவர் இன்று லார்ட் மேயருக்குத் துணைநிற்கும் அலுவலர்; மேயர் பதவியைவிடப் பழமையான பதவி, ஆண்டுக்கு இருவர். கடைசிச் சொல் 'லிவரி கம்பெனி'. பெயரில் கம்பெனி இருந்தாலும் இது வணிக நிறுவனம் அன்று. இடைக்காலத்தில் துணி, மளிகை, மீன், பொன் எனத் தொழில் வாரியாகக் கூடிய சங்கங்கள் இவை. சீருடை அணிந்ததால் லிவரி என்ற பெயர் வந்தது. இன்று 110-க்கு மேற்பட்ட லிவரி கம்பெனிகள் உள்ளன.

இந்தச் சங்கங்களுக்கிடையே முதல் மரியாதைச் சண்டை நம் கோயில் திருவிழாக்களுக்குச் சற்றும் குறைந்ததில்லை. தையற்காரர் சங்கமும் மென்மயிர்த்தோல் வணிகர் சங்கமும் யாருக்கு ஆறாம் இடம், யாருக்கு ஏழாம் இடம் என்று மோதிக்கொண்டதில் இரத்தமே சிந்தியது. 1484-இல் அன்றைய மேயர் ராபர்ட் பில்லெஸ்டன் தீர்ப்புச் சொன்னார்: ஆண்டுக்கு ஒரு முறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள். இன்றுவரை மாற்றிக்கொள்கிறார்கள்.

லார்ட் மேயராக விரும்புபவர் முதலில் ஆல்டர்மேனாக இருக்க வேண்டும். பிறகு ஷெரிஃபாகப் பணியாற்றியிருக்க வேண்டும். செப்டம்பர் இறுதியில் லிவரி உறுப்பினர்கள் கில்ட்ஹால் என்னும் பழைய மண்டபத்தில் கூடி இரண்டு ஆல்டர்மேன்களின் பெயரை முன்மொழிவார்கள். ஆல்டர்மேன்கள் அவர்களில் ஒருவரைத் தேர்வு செய்வார்கள். பெரும்பாலும் யார் வரப்போகிறார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும். பதவிக்காலம் ஓராண்டு. கொரோனா காலத்தில் வில்லியம் ரஸ்ஸல் 2019 முதல் 2021 வரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தது அரிய விதிவிலக்கு.

ஊர்வலத்துக்கு முந்தைய நாள் பதவி கைமாறும் சடங்கு கில்ட்ஹாலில் நடக்கிறது. அதற்கு 'மௌனச் சடங்கு' என்றே பெயர். புதியவர் தம் உறுதிமொழியைச் சொல்வார். அதைத் தவிர வேறு பேச்சு எழாது. செங்கோல், முத்திரை, பணப்பை, வாள், தண்டு ஆகியவற்றை அலுவலர்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து வணங்கியபடி முன்னே கொண்டுவருவார்கள். பழையவர் தம் தொப்பியைக் கழற்றுவார். புதியவர் தம் தொப்பியை அணிவார். நிறைந்த மண்டபத்தில் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

மன்னர் சிட்டிக்குள் நுழைய லார்ட் மேயரின் அனுமதி வேண்டும் என்று ஒரு கதை சுற்றுலா வழிகாட்டிகளின் வாயில் அடிக்கடி வரும். அரச விழாக்களின்போது சிட்டியின் எல்லையான டெம்பிள் பாரில் லார்ட் மேயர் ஒரு வாளை மன்னரிடம் நீட்டுவார், மன்னர் அதைத் தொட்டுத் திருப்பித் தருவார் என்பது உண்மைதான். ஆனால் அது அனுமதி வழங்கும் சடங்கு அன்று. உங்களுக்குக் கட்டுப்பட்டவன் நான் என்று லார்ட் மேயர் சொல்வதுதான் அதன் பொருள். நேர் எதிரான பொருள்.

சிட்டித் தேர்தலுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அங்கே குடியிருப்போர் மட்டுமல்லாமல், அங்கே இயங்கும் நிறுவனங்களும் தங்கள் ஊழியர் எண்ணிக்கைக்கேற்ப வாக்காளர்களை நியமிக்கலாம். நாட்டின் மற்ற இடங்களில் வணிகர் வாக்கு 1969-இல் ஒழிக்கப்பட்டது. சிட்டியில் மட்டும் நிலைத்து, 2002-இல் ஒரு சட்டத்தின் மூலம் விரிவாக்கவும் பட்டது. பகலில் வந்து போகும் 6 இலட்சம் பேரின் குரல் கேட்க வேண்டாமா என்பார்கள் ஆதரிப்பவர்கள். வாக்கு மனிதருக்கா, நிறுவனத்துக்கா என்பார்கள் எதிர்ப்பவர்கள். எனக்கு இரண்டாவது கேள்விதான் வலுவாகத் தெரிகிறது.

1983-இல் மேரி டொனால்ட்சன் முதல் பெண் லார்ட் மேயரானார்; அடைமொழி மாறவில்லை. 2025 நவம்பரில் பொறுப்பேற்ற சூசன் லாங்லிதான் 'லேடி மேயர்' என்ற பெயரை முதன்முதலில் பயன்படுத்தியவர். அவர் இந்த வரிசையில் 697-ஆவது.

சுருக்கமாக: லார்ட் மேயர் சங்கங்களும் ஆல்டர்மேன்களும் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் சிட்டித் தலைவர். பிரிட்டனின் நிதித்துறைக்காக உலகம் சுற்றிப் பேசுவது அவருடைய இன்றைய முதன்மைப் பணி. சிட்டிக்குள்ளேயே கூட, அரசியல் முடிவுகளில் முன்னிற்பவர் காமன் கவுன்சிலின் கொள்கைக் குழுத் தலைவர்தான்.

மதிலுக்கு வெளியே

1801-இல் சிட்டிக்குள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 1901-இல் அது 27 ஆயிரம் அளவுக்குச் சுருங்கியது. வீடுகள் அலுவலகங்களாகின, மக்கள் வெளியே குடிபெயர்ந்தார்கள். அதே நூற்றாண்டில் வெளிப்புற லண்டன் உலகின் மிகப்பெரிய நகரமாக வீங்கியது. அதற்கு மேயரோ பொதுவான ஆட்சி மன்றமோ இல்லை. 1835-இல் இங்கிலாந்தின் பழைய நகராட்சிகள் பலவற்றைச் சட்டம் சீர்திருத்தியபோது சிட்டி தப்பித்துக்கொண்டது.

சாக்கடை நாற்றத்துக்கு மதில் தெரியாது. 1855-இல் பெருநகரப் பணிகள் வாரியம் அமைந்தது. 1858 கோடையில் தேம்ஸ் ஆறு நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றமே திணற, வாரியத்தின் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட்டுக்கு நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டப் பணம் கிடைத்தது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மன்றம் 1889-இல்தான் வந்தது. லண்டன் கவுன்ட்டி கவுன்சில் என்பது அதன் பெயர். 1965-இல் அதன் இடத்தை, இன்னும் பரந்த எல்லையுடன், கிரேட்டர் லண்டன் கவுன்சில் எடுத்துக்கொண்டது. இவற்றுக்குத் தலைவர்கள் இருந்தார்கள், மேயர் இல்லை.

தலைவருக்கும் மேயருக்கும் உள்ள வேறுபாடு 1981-இல் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி ஆண்ட்ரூ மெக்கின்டோஷைத் தலைவராகக் காட்டி வென்றது. மறுநாளே கட்சி உறுப்பினர்கள் கூடி அவரை நீக்கிவிட்டுக் கென் லிவிங்ஸ்டனைத் தலைவராக்கினார்கள். மன்றத்துக்குள் பெரும்பான்மை யாருக்கோ அவரே தலைவர் என்ற முறையில் இது சட்டப்படி சரிதான். வாக்களித்தவர்களுக்குத்தான் தலைவர் மாறியது பிறகு தெரிந்தது. லிவிங்ஸ்டன், ஆற்றுக்கு எதிர்க்கரையிலுள்ள நாடாளுமன்றத்தின் கண்ணில் படும்படி, லண்டனின் வேலையற்றோர் எண்ணிக்கையைத் தம் கட்டடத்தின் மேல் பெரிய பதாகையாகத் தொங்கவிட்டார். பிரதமர் மார்கரெட் தாட்சர் 1986 மார்ச் 31-ஆம் தேதியோடு அந்த மன்றத்தையே இல்லாமல் ஆக்கினார். எண்கள் தொங்கிய கட்டடத்தில் இப்போது மீன் காட்சியகம் இருக்கிறது.

அதன்பின் 14 ஆண்டுகள் பெருலண்டனுக்கென்று ஒரு பொது ஆட்சி அமைப்பே இல்லை. ஒவ்வொரு பரோவும் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டது. போக்குவரத்து போன்ற பொது வேலைகள் மத்திய அரசிடமும் பல்வேறு வாரியங்களிடமும் சிதறின.

2000-இல் பிறந்த நாற்காலி

1997-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, மேயர் வேண்டுமா என்று லண்டன் மக்களையே கேட்டது. 1998 மே 7 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 72 விழுக்காட்டினர் வேண்டும் என்றனர். வாக்களிக்க வந்தவர்கள் 34 விழுக்காடு மட்டுமே. 1999-இல் சட்டம் வந்தது. 2000 மே 4 அன்று முதல் தேர்தல். பிரிட்டனில் ஒரு நகரத்தின் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது அதுவே முதல் முறை. தொழிற்கட்சி வேட்பாளராக ஃபிராங்க் டாப்சனை நிறுத்தியது. சுயேச்சையாக நின்று வென்றவர், கலைக்கப்பட்ட மன்றத்தின் கடைசித் தலைவரான அதே கென் லிவிங்ஸ்டன். அவருக்குப் பின் 2008 முதல் 2016 வரை போரிஸ் ஜான்சன். 2016 முதல் சாதிக் கான். 2024-இல் மூன்றாம் முறையாகவும் வென்றார்.

இந்த மேயர் ஒரு மன்றத்தின் தலைவர் அல்லர். நேரடியாக மக்களால் நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகி. அவரைக் கண்காணிக்க 25 உறுப்பினர் கொண்ட 'லண்டன் அசெம்பிளி' இருக்கிறது. அவரை அவர்கள் கேள்வி கேட்கலாம். வரவுசெலவுத் திட்டத்தை மூன்றில் இரு பங்கு பெரும்பான்மை இருந்தால் திருத்தலாம். அந்தப் பெரும்பான்மை எளிதில் கிட்டுவதில்லை. ஆகவே தம் வட்டத்துக்குள் இவர் வலிமையானவர்.

வட்டம் எது என்பதில்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். பேருந்து, சுரங்க ரயில், முக்கியச் சாலைகள், தீயணைப்பு, பெருநகரக் காவல்துறையின் வரவுசெலவும் முன்னுரிமைகளும், நகர வளர்ச்சிக்கான பெருந்திட்டம் ஆகியவை மேயரிடம். குப்பை, நூலகம், பள்ளி, முதியோர் பராமரிப்பு ஆகியவை பரோக்களிடம். மருத்துவமனை மத்திய அரசின் சுகாதாரச் சேவையிடம். தெருவில் குப்பை கிடந்தால் சாதிக் கானைத் திட்டுவது, மின்தடைக்குக் குடிநீர் வாரியத்தில் புகார் கொடுப்பது போன்றது.

2003 பிப்ரவரி 17 அன்று தொடங்கிய நெரிசல் கட்டணம் அந்த வலிமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. வேலை நாள்களில் மைய லண்டனுக்குள் காரில் வந்தால் நாளொன்றுக்கு 5 பவுண்டு என்று லிவிங்ஸ்டன் விதித்தார். அந்த எல்லைக்குள் சிட்டியும் அடக்கம். லார்ட் மேயரின் சதுர மைலுக்குள் கார் ஓட்டுபவரும் மற்ற மேயருக்கே கட்டணம் செலுத்த வேண்டும். இதற்கு மாறாக, சிட்டிக்கென்று தனிக் காவல்துறை உண்டு. அதன்மேல் பெருலண்டன் மேயருக்குப் பொறுப்பில்லை.

இரண்டையும் ஒரு முறை சேர்த்துப் பார்த்தால்: லார்ட் மேயருக்கு 800 ஆண்டு வரலாறும், ஓராண்டுப் பதவியும், பெரிய மரியாதையும், சிறிய அதிகாரமும். மேயருக்குக் கால் நூற்றாண்டு வரலாறும், நான்காண்டுப் பதவியும், பெரிய அதிகாரமும். சிட்டியில் குடியிருக்கும் 8,600 பேருக்கு மட்டும் இரண்டு பேரும் மேயர்கள்.

இன்னும் சில மேயர்கள்

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லண்டனுக்குள்ளேயே வெஸ்ட்மின்ஸ்டர் தனி நகரம் என்ற தகுதி பெற்றது. அதற்கும் 1966 முதல் ஒரு லார்ட் மேயர் உண்டு. பெரும்பாலான பரோக்களில், மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, கடை திறப்பு விழாவுக்கும் பள்ளி விழாவுக்கும் கழுத்தில் பதவிச் சங்கிலியோடு போகும் மேயர் ஒருவர் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறார். ஹாக்னி, லூயிஷம், நியூஹம், டவர் ஹாம்லெட்ஸ், குரோய்டன் ஆகிய பரோக்களிலோ மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த, உண்மையான நிர்வாக அதிகாரமுள்ள மேயர்கள் இருக்கிறார்கள். நம்மவர் ஒருவர் லண்டனில் மேயரானார் என்ற செய்தி வரும்போது, எந்த மேயர் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அது ஏதேனும் ஒரு பரோவின் ஓராண்டு மரியாதைப் பதவியாக இருக்கும். அதிலும் பெருமை உண்டுதான். ஆனால் அது வேறு பெருமை.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலையில் சிட்டியின் தெருக்களில் பேருந்துக்குக் காத்திருப்பவர், வழக்கமான பேருந்துகள் திருப்பிவிடப்பட்டுள்ளன என்ற அறிவிப்பை நிறுத்தத்தில் பார்க்கலாம். லார்ட் மேயரின் வண்டி வருவதற்காக, மேயரின் பேருந்துகள் வழிவிட்டிருக்கும்.